ஒன்பது மாதம் முடிந்தும் பாப்பா தவழவில்லை. குறைமாதக் குழந்தைக்கு எப்படிக் கணக்கு வைப்பது?

பவானிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவுக்குப் போன வாரம் ஒன்பது மாதம் முடிந்து, தட்டம்மை ஊசியும் போட்டாயிற்று. 33 வாரத்திலேயே பனிக்குடம் உடைந்து பிறந்தவள். அப்போது எடை 1.7 கிலோ, கொஞ்ச நாள் பெட்டியில் வைத்திருந்தார்கள். கண் விழித்திரைப் பரிசோதனை, காது பரிசோதனை இரண்டும் எடுத்து, ஒன்றும் இல்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இப்போது எடை 6.8 கிலோ.

மூன்றாவது மாதக் கடைசியில் முகம் பார்த்துச் சிரித்தாள். ஐந்தில் கழுத்து நின்றது. ஏழு நெருங்கும்போது குப்புற விழுந்தாள். இப்போது உட்கார வைத்தால் கையை முன்னால் ஊன்றிக்கொண்டு உட்காருகிறாள், கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறாள். தவழ்வது என்ற பேச்சே இல்லை. எங்காவது போக வேண்டும் என்றால் உருண்டுதான் போகிறாள். பெயர் சொன்னால் திரும்புகிறாள். 'ப்ப்பா', 'த்தத்தா' என்று நாள் முழுக்க ஒரே கச்சேரி. அவள் அப்பா குரல் போனில் கேட்டாலே காலை உதைக்கிறாள்.

என் பிரச்சினை நாத்தனார் பையன். இவளுக்கு இரண்டு வாரம் இளையவன், நிறைமாதம். அவன் கிரைண்டர் வரைக்கும் தவழ்ந்து போய் ஒயரை இழுக்கிற வீடியோ தினமும் குடும்ப வாட்ஸ்அப்பில் வருகிறது. மாமியார் ஒன்றும் நேராகச் சொல்வதில்லை. வீடியோவைப் பார்த்துவிட்டு பாப்பாவை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும்.

இன்னொன்று. ஜமுக்காளத்தில் குப்புறப் போட்டால் சிவப்புக் கோட்டை வலது கை விரலால் சுரண்டிக்கொண்டே இருப்பாள். இடது கை வயிற்றுக்கடியில் மாட்டிக்கொள்ளும், எடுக்கத் தெரியாமல் அழுவாள். பொருள் நீட்டினாலும் வலது கையால்தான் வாங்குவாள், இடது கை பாதி நேரம் மூடியேதான் இருக்கும். என் அப்பா "வலக்கைக்காரி, சுறுசுறுப்பு" என்கிறார். குழந்தை டாக்டரிடம் தவழாததைப் பற்றிக் கேட்டேன், "குறைமாதம் இல்லையா, வளர வளரச் சரியாகிவிடும்" என்றார். சரி, எத்தனை மாதம் வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தமிழாசிரியைப் பாட்டி எழுதியது:

கண்ணு, முதலில் அந்த வாட்ஸ்அப் குழுவை ஒரு மாதத்துக்கு மௌனத்தில் போடு. பாதி வியாதி அங்கே இருக்கிறது.

எனக்கு இரண்டு பெண்கள், ஒரு பையன். மூத்தவள் முறைப்படி தவழ்ந்தாள். நடுவில் உள்ளவள் தவழவே இல்லை. உட்கார்ந்த வாக்கில் ஒரு காலை மடித்து, மற்ற காலால் தள்ளித் தள்ளி, சாணி மெழுகின முற்றம் முழுக்கத் தேய்த்துக்கொண்டே போவாள். ஜட்டியெல்லாம் பின்னால் ஓட்டை. அப்படியே ஒரு நாள் திண்ணையைப் பிடித்து எழுந்து நின்று நடந்துவிட்டாள். இன்றைக்கு அவள் பிள்ளைகளை ஸ்கூட்டரில் அவளே கொண்டுபோய் விடுகிறாள். கடைசிப் பயல் வயிற்றாலேயே நகர்ந்தான்.

பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் தலையசைத்து ஆடுகிற செங்கீரை, ஒன்பதாம் மாதம் கை தட்டுகிற சப்பாணி என்று பருவம் வைத்தார்கள். வகுப்பில் நடத்தும்போது பிள்ளைகள் எழுந்து "டீச்சர், என் தம்பி இன்னும் கை தட்டல" என்பார்கள். அடே, அது சாமிக்கும் ராஜாவுக்கும் பாடினதுடா என்பேன். எங்கள் மாமியார் வீட்டிலும் ஒரு கணக்கு உண்டு: குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, உட்கார்ந்தால் உக்காரை, தவழ்ந்தால் தவலை அடை. நடுவில் உள்ளவளுக்குத் தவலை அடை செய்ய வாய்ப்பே வரவில்லை. அவள் நடந்த அன்றைக்குச் சேர்த்துச் செய்து சாப்பிட்டோம்.

தூளியில் தூங்குகிற நேரம் போக மீதியெல்லாம் தரையில் விடு. எண்ணெய் தேய்த்துக் காலை நீவி விடுவது நல்லது. ஆனால் குளிப்பாட்டுகிற அம்மாள் யாராவது மூக்கில் எண்ணெய் விட வந்தால் கையைத் தட்டிவிடு, நுரையீரலுக்குள் போய்விடும்.

---

இரட்டையர் அப்பா எழுதியது:

எங்கள் இரட்டையர் 32 வாரம். அதனால் இந்தக் கணக்கில் எனக்குக் கொஞ்சம் பைத்தியமே உண்டு, எக்ஸெல் ஷீட்டே வைத்திருந்தேன், மனைவி அதைப் பார்த்தாலே எரிந்து விழுவாள்.

பிறந்த தேதியை வைத்துப் பார்க்காதீர்கள், டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியை வைத்துப் பாருங்கள். நிறைமாதம் என்பது 40 வாரம், அதில் 33 போனால் 7 வாரம். அதாவது வளர்ச்சியைப் பொறுத்தவரை உங்கள் பாப்பாவுக்கு இப்போது ஒன்பது மாதம் இல்லை, ஏழரை மாதம். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துத்தான் பார்ப்பார்கள். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது, அது பிறந்த தேதிப்படியேதான். நீங்கள் எழுதின சிரிப்பு, கழுத்து, குப்புற விழுந்தது மூன்றிலும் ஏழு வாரத்தைக் கழித்துப் பாருங்கள், எல்லாம் அதனதன் நேரத்தில்தான் நடந்திருக்கிறது. நாத்தனார் பையன் உங்கள் பாப்பாவுக்கு இளையவன் இல்லை, இந்தக் கணக்குப்படி ஒரு மாதத்துக்கு மேல் மூத்தவன்!

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளை மாதாமாதம் பார்த்து 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. நம் நாட்டுக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். எல்லாம் ஆரோக்கியமான குழந்தைகள்தான், அப்படியும் வித்தியாசத்தைப் பாருங்கள்: பிடிமானம் இல்லாமல் உட்கார்வது 3.8 மாதத்திலிருந்து 9.2 வரை. கை முட்டி ஊன்றித் தவழ்வது 5.2-இலிருந்து 13.5 வரை. தனியாக நடப்பது 8.2-இலிருந்து 17.6 வரை. அதில் நூற்றுக்கு நாலு குழந்தைக்கு மேல் கை முட்டி ஊன்றித் தவழவே இல்லை, பாட்டியம்மாவின் நடுமகள் மாதிரி. 2022-இல் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. தன் குழந்தை வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதை அதிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

அதனால் தவழவில்லை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

சேலம் செல்வி எழுதியது:

ஒரு வாக்கர் வாங்கிப் போடுங்க சிஸ்டர், கடகடன்னு கால் வந்துடும். எங்க வீட்ல ரெண்டு பேரும் அதுலதான் நடந்தாங்க.

---

இரட்டையர் அப்பா எழுதியது:

வாக்கர் மட்டும் வேண்டாம். அதில் குழந்தை நுனிக்காலால் உந்துமே தவிர, உட்கார்ந்து எழுந்து பழகாது. நடை சீக்கிரம் வருவதும் இல்லை. படியில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் அவ்வளவு பேர் என்பதால் கனடாவில் 2004-இலேயே விற்கத் தடை போட்டுவிட்டார்கள். எழுந்து நிற்க ஆரம்பித்த பிறகு மர நடைவண்டி வாங்குங்கள், அது வேறு கதை, குழந்தை தன் காலில் நின்று தள்ளுவது.

---

பிசியோ மதுரை எழுதியது:

நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். மேலே எல்லோரும் தவழ்வதைப் பற்றிச் சொன்னது சரி. ஏழரை மாதக் கணக்கில் கை ஊன்றி உட்கார்வதிலும் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் நீங்கள் 'இன்னொன்று' என்று கடைசியில் எழுதினீர்களே, அந்தப் பத்திதான் முக்கியம். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஒரு வயதுக்குள் குழந்தைகள் பொதுவாக இரண்டு கையையும் ஒரே மாதிரிதான் பயன்படுத்தும். எது பக்கத்தில் இருக்கிறதோ அந்தக் கையால் எடுக்கும், ஏழெட்டு மாதத்தில் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றும். வலக்கைப் பழக்கம், இடக்கைப் பழக்கம் என்பதெல்லாம் ஒன்றரை வயதுக்கு மேல்தான் தெளிவாகும். இவ்வளவு சீக்கிரம் ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால், இந்தக் கை கெட்டி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்தக் கை ஏன் வரவில்லை என்றுதான் பார்க்க வேண்டும். கை மூடியே இருப்பதும் அப்படித்தான். முதல் மூன்று மாதம் வரை அது சகஜம், அதற்கப்புறம் விரல்கள் தானாக விரிய வேண்டும்.

நேரில் பார்க்காமல் நோயின் பெயரெல்லாம் சொல்ல மாட்டேன். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஆனால் குறைமாதத்தில் பிறந்த குழந்தை, ஒரு பக்கம் மட்டும் பின்தங்குகிறது என்றால் ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருக்கவே கூடாது. மூளை வேகமாக வளர்கிற காலம் இதுதான், இப்போது கொடுக்கிற பயிற்சிக்குப் பலன் அதிகம்.

உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தலைமை மருத்துவமனையிலோ டி.இ.ஐ.சி. (வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கிற மாவட்ட மையம்) என்று போர்டு போட்ட பிரிவு இருக்கும். 2013-இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தில் ஆரம்பித்தது. குழந்தை மருத்துவர், பிசியோ, காது, பேச்சு எல்லாவற்றுக்கும் அங்கேயே ஆள் உண்டு, காசு கிடையாது. கிராம செவிலியரிடம் கேட்டால் எந்தக் கிழமை போகலாம் என்று சொல்வார். தடுப்பூசி அட்டையையும், பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். பாப்பா வீட்டில் விளையாடுவதை ஒரு சின்ன வீடியோ எடுத்து வையுங்கள், புது இடத்தில் அழுதுகொண்டே இருந்தால் அது உதவும்.

படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. செய்துகொண்டிருந்த ஒன்றைக் குழந்தை திடீரென்று நிறுத்திவிட்டால், உடம்பு துணி மாதிரி துவண்டு கிடந்தால் அல்லது விறைத்தே இருந்தால், ஒன்பது மாதக் கணக்கிலும் பெயருக்குத் திரும்பவில்லை, மழலையே இல்லை என்றால், எந்த மாதப் பட்டியலையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே காட்டுங்கள்.

---

பவானிக்கரை எழுதியது:

போய் வந்தோம். விவரமாக எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

பிசியோ ஒரு சின்ன வயதுப் பெண். முதலில் பாப்பாவைத் தொடவே இல்லை. பாயில் எதிரே உட்கார்ந்து கிலுகிலுப்பையை நடு நெஞ்சுக்கு நேராக நீட்டினார். வலது கை வந்தது. அப்புறம் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு மறுபடி நீட்டினார். பாப்பா தலையை நீட்டி வாயால் பிடிக்கப் பார்த்தாள். இடது தோள் கொஞ்சம் எழும்பியது, கை வரவில்லை. அடுத்து இடுப்பைப் பிடித்துத் தூக்கி, தலை முன்னால் போகிற மாதிரி பாயை நோக்கிச் சாய்த்தார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. விழப்போகிறோம் என்றால் குழந்தை இரண்டு கையையும் விரித்து ஊன்ற வேண்டுமாம். வலது கை சட்டென்று விரிந்து ஊன்றியது. இடது கை மூடினபடியே பின்னாலேயே வந்து, கடைசி நிமிடத்தில் இரண்டு விரல் மட்டும் திறந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது.

மருத்துவர் தலைச் சுற்றளவு அளந்தார், காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். இடது கையில் லேசான இறுக்கம் இருக்கிறது, காலில் இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, மற்றதெல்லாம் ஏழரை மாதக் கணக்குக்குச் சரியாக இருக்கிறது என்றார். நோய் என்று பெயர் எதுவும் வைக்கவில்லை. "பெயர் வைக்கும் வரை பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே ஆரம்பிக்கலாம்" என்றார். தலையில் ஸ்கேன் தேவையா என்று அடுத்த முறை முடிவு செய்வார்களாம்.

வீட்டில் செய்யச் சொன்னவை: எதையும் இடது பக்கத்திலிருந்து நீட்ட வேண்டும். ஒரு கையில் அடங்காத சாமானாகக் கொடுக்க வேண்டும், அதனால் இப்போது எங்கள் வீட்டுப் பெரிய எவர்சில்வர் கிண்ணமும் ஒரு பந்தும் அவளுக்குத்தான். குப்புறப் போடும்போது துண்டைச் சுருட்டி நெஞ்சுக்கடியில் வைத்து, இடது கையை வெளியே எடுத்துவிட வேண்டும். விளையாட்டு நேரத்தில் கொஞ்ச நேரம் வலது கைக்கு மெல்லிசான கையுறை. அது பாப்பாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, பல் இல்லாத வாயால் இழுத்துக் கழற்றப் பார்க்கிறாள்.

மாமியார் நான் நினைத்ததற்கு நேர்மாறு. கேட்டதும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் ராகிக் கூழ் ஊட்டும்போது பார்த்தேன், கிண்ணத்தை இடது பக்கமாக மாற்றி உட்கார்ந்துகொண்டு, ஒரு கரண்டியை பாப்பாவின் இடது கையில் திணித்துக்கொண்டிருக்கிறார். கூழெல்லாம் இரண்டு பேர் தலையிலும்.

ஒரு சந்தேகம். பிடிக்காமல் அழுதால் கையுறையைக் கழற்றிவிடலாமா, இல்லை அழுதாலும் போட்டே வைக்க வேண்டுமா?

---

பிசியோ மதுரை எழுதியது:

கழற்றிவிடுங்கள். அழுகிற குழந்தை எதையும் பழகாது. சிரித்த முகமாக இருக்கிற ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளில் பலமுறை அப்படிச் செய்யலாம். தூளியில் போடும்போதும் தூங்கும்போதும் கையுறை வேண்டாம். மற்றவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகக் குழந்தையின் கையைக் கட்டிவைக்க வேண்டாம், இது நேரில் பார்த்துச் சொல்ல வேண்டிய பயிற்சி.

மூடின விரல்களைப் பிடித்து இழுத்து விரிக்காதீர்கள், இன்னும் இறுகும். புறங்கையை மெதுவாக நீவினால் தானாகத் திறக்கும், அப்போது சாமானைக் கொடுங்கள். உங்கள் மாமியாரிடம் கைப்பிடி தடிமனாக உள்ள கரண்டியாக எடுக்கச் சொல்லுங்கள், பிடிக்க அதுதான் சுலபம். பெட்டியில் இருந்த நாட்களில் தலை ஸ்கேன் எடுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும், அடுத்த முறை அந்தப் பக்கத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.