ஏசிஎல் ஆபரேஷனுக்குப் பிறகு ஒற்றைக்கால் பயிற்சி: உங்கள் அனுபவம் எப்படி?

வலது முட்டியில் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்திருக்கும் ஏசிஎல் ஜவ்வு அறுந்து, அதற்குப் பதிலாகப் பின்தொடையின் ஹாம்ஸ்ட்ரிங் தசைநாரை எடுத்து வைத்துத் தைத்தார்கள். வீக்கம் வற்றி, கால் முழுதாக நீட்ட வந்து, ஊன்றுகோலையும் விட்டாயிற்று. அப்போதுதான் பிசியோ கண்ணை மூடச் சொன்னார். ஆபரேஷன் ஆன காலைக் கொஞ்சம் மடக்கி, சில நொடி பிடித்திருந்து நீட்டினார். "இப்ப நீங்களா அதே அளவுக்கு மடக்குங்க." மடக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தால், அவர் நிறுத்திய இடத்தைத் தாண்டி எங்கேயோ போயிருக்கிறது! இடது கால் கிட்டத்தட்ட சரியாகவே வந்து நின்றது.

அவர் சொன்ன விளக்கம் இது. அந்த ஜவ்வுக்குள் இழுவையையும் அசைவையும் உணர்கிற நரம்பு முனைகள் உண்டு. முட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்வதில் அவற்றுக்கும் பங்கு இருக்கிறது. ஜவ்வு அறுந்தால் அந்தச் சேதியும் குறையும். புது கிராஃப்ட், அதாவது எடுத்து வைத்த தசைநார், முட்டியைப் பிடித்துக்கொள்ளுமே தவிர, பழைய ஜவ்வு போல உடனே உணராது. தசை, தோல், மற்ற ஜவ்வுகள் அனுப்புவதை வைத்தே மூளை சமாளிக்கப் பழக வேண்டும்.

இரண்டு காலிலும் எடையை மாற்றி மாற்றிப் போடுவதில் தொடங்கி, இப்போது ஒற்றைக்காலில் நிற்கிறேன். கண் திறந்திருந்தால் ஜோராக நிற்கிறது. மூடினால் போச்சு: பாதம் இரண்டு பக்கமும் படபடக்கும், இடுப்பு சரியும், கை தன்னால் சுவரைத் தேடும். தொடைக்கு வலு ஏற்றுவதைவிட இதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மற்றவர்களுக்கு எப்படி?

—

எனக்கும் அதே கதைதான் சகோ. கண்ணாடி முன்னால் நின்று செய்யுங்கள். முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். அது பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும். நல்ல காலையும் விட்டுவிடாதீர்கள், அதிலும் உணர்வு கொஞ்சம் மழுங்கியிருக்கலாம் என்றார் என் பிசியோ. முட்டி வீங்கியிருக்கும் நாளில் வாபிள் போர்டு (ஏறி நின்றால் ஆடும் பலகை) பக்கமே போக மாட்டேன். வீக்கம் இருந்தால் முன்தொடைத் தசை சரியாக வேலை செய்யாது, கால் சட்டென்று மடங்கிவிடும்.

—

நான் கால்பந்து ஆடுகிறவன். ஃபோம் மெத்தையில் ஒற்றைக்காலில் நிற்க வைத்து பிசியோ பந்தை எறிவார், திடீரென்று தோளையும் லேசாகத் தள்ளுவார். கவனம் பந்தில் இருக்கும்போது முட்டி தானாகச் சுதாரிக்கிறதா என்பதுதான் சோதனை. ஆட்டத்தில் யார் முட்டியைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள்? அப்புறம் குதித்து இறங்குவது. சத்தமில்லாமல் இறங்கச் சொல்வார், தொம்மென்று விழுந்தால் மறுபடியும். ஒற்றைக்கால் தாவலில் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வந்தால்தான் மைதானம் என்று கறாராக இருக்கிறார். அவசரப்படவும் விடவில்லை. 2016-இல் வெளியான டெலாவேர்-ஓஸ்லோ ஆய்வில், 9 மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாம்.

ஒன்று கேட்க வேண்டும் நண்பரே, உங்களுக்கு மெனிஸ்கஸிலும் (முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) தையல் போட்டார்களா? போட்டிருந்தால், எடையை ஊன்றி ஆழமாக மடக்கும் எதையும் சர்ஜனிடம் கேட்காமல் தொடங்காதீர்கள்.