சௌராஷ்டிரம் – தமிழ் மொழிபெயர்ப்பு: மேலே போடும் எண்களை என்ன செய்வது?

நண்பர்களுக்கு வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியைத் தமிழுக்குப் பெயர்க்கும் இயந்திர மொழிபெயர்ப்பு ஒன்றை உருவாக்க முயல்கிறேன். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2.47 லட்சம் பேர் இதைத் தாய்மொழியாகக் குறித்தார்கள். இணையத்திலோ கைப்பிடி அளவு உரைதான் கிடைக்கிறது. பாட்டியிடமும் உறவினர்களிடமும் கேட்டுக் கேட்டு 3,000 வாக்கிய இணைகள் சேர்த்திருக்கிறேன்.

சிக்கல் எழுத்திலேயே தொடங்குகிறது. சௌராஷ்டிர எழுத்து 2008-இலேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டது. இருந்தும் எங்கள் மக்கள் பலர் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். க², க³, க⁴ என்று மேலே எண் போட்டு ஒலிகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள். சொற்களைத் துண்டாக்க நான் பயன்படுத்தும் சென்டென்ஸ்பீஸ் என்ற மென்பொருள், தன் இயல்பான அமைப்பில் அந்த எண்களைச் சாதாரண எண்களாக மாற்றி, எழுத்திலிருந்து தனியே வெட்டியும் விடுகிறது. பாட்டி சொன்ன சொல்லின் நடுவே ஒரு 2 வந்து நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

எல்லாவற்றையும் தேவநாகரிக்கு மாற்றிவிட்டுப் பயிற்சி கொடுக்கலாமா? குஜராத்தி, மராத்தியோடு உறவுள்ள மொழி இது. அவ்விரண்டையும் அறிந்த என்.எல்.எல்.பி-200 என்ற பன்மொழி மொழிபெயர்ப்பு மாதிரிக்கு (மாடல்) அது கைகொடுக்கும் என்று நம்புகிறேன். ஆனால் சொற்களில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் நிறையக் கலந்திருக்கின்றன. இத்தகைய மொழிகளில் செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்.

இன்னொன்று: பரமக்குடி, கும்பகோணம், சேலம் பக்கத்துச் சௌராஷ்டிரர்கள் யாரேனும் 100 வாக்கியங்களைச் சரிபார்த்துத் தர முடியுமா? என் வீட்டு வழக்கை மட்டும் வைத்து இதை முடிக்க எனக்கு மனமில்லை.