ஷீர், அட்டர்: எதை எங்கே போடுவது?

வணக்கம். திருச்சியில் வீட்டில் வைத்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். அழுத்தத்துக்காகப் போடும் பெயரடைகளில் மாட்டிக்கொண்டேன். தெசாரஸில் (ஒத்த பொருள் சொற்களின் அகராதி) அட்டர் (utter), ஷீர் (sheer), கம்ப்ளீட், ரியல் எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கின்றன. அதை நம்பி ஒரு பையன் 'அட்டர் லக்' என்று எழுதிவிட்டான். 'ஷீர் லக்' என்று திருத்தினேன். ஏன் என்றான். பதில் இல்லை.

அகராதிகளைப் புரட்டியாயிற்று, எந்தச் சொல் எதோடு சேரும் என்று காட்டும் கொலோகேஷன் அகராதி உட்பட. அட்டர் பெரும்பாலும் நான்சென்ஸ், ஃபெயிலியர், கேயாஸ் மாதிரி கெட்டதோடு ஒட்டுகிறது. ஆனால் 'அட்டர் ஜாய்' என்றும் எழுதுகிறார்கள்! அழுத்தத்துக்கு வரும்போது அட்டர், ஷீர் இரண்டுமே பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் நிற்கும், 'தி நான்சென்ஸ் வாஸ் அட்டர்' என்று வராது. அதுவரை சரி. ரியல் பக்கம் வரும் வெரிட்டபிளும் (veritable) பிரச்சினை இல்லை, 'எ வெரிட்டபிள் கோல்ட்மைன்' என்று உருவகத்துக்கு முட்டுக்கொடுக்கிறது. ஜெனுயின் லெதர், அதென்டிக் சிக்னேச்சர் எல்லாம் நிஜமா போலியா என்ற கணக்கு, பிள்ளைகளே பிடித்துக்கொண்டார்கள்.

ஷீர் மட்டும்தான் உதைக்கிறது. லக், சைஸ், ஹார்ட் வொர்க், டெஸ்பரேஷன் எல்லாவற்றோடும் போகிறது. மெல்லிய துணிக்கும் செங்குத்துப் பாறைக்கும் வேறு அதே சொல். அடுத்த வாரம் மாடல் எக்ஸாம்.

எந்த மாதிரிப் பெயர்ச்சொல்லுக்கு ஷீர், எதற்கு அட்டர் என்று பிளஸ் டூ பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்?