புகைப்பிடிப்போர் நிழற்குடை: இடமும் திறப்பும் முதலில்

நிழற்குடை போட்ட பிறகும் ஆட்கள் வாசலிலேயே நின்று புகைக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் இடத்தேர்வில்தான் கோளாறு. ரொம்பத் தள்ளிப் போட்டால் யாரும் போக மாட்டார்கள். கிட்டத்தில் போட்டால் கதவு திறக்கும்போதெல்லாம் புகை உள்ளே வரும். லீட் பசுமைக் கட்டட மதிப்பீடு கேட்பது 7.5 மீட்டர் இடைவெளி: வாசல், திறக்கிற சன்னல், ஏசிக்கு வெளிக்காற்று இழுக்கும் வாய் மூன்றிலிருந்தும். மூன்றாவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். காற்று கட்டடத்தைத் தாண்டி நிழற்குடைக்கு வரும்படி பார்த்து வையுங்கள். அதற்காகச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கட்டடத்தின் மறைவில் காற்று சுழன்று திரும்பும். புகை சுவரோடு மேலேறிச் சன்னலுக்குப் போய்விடும்.

—

அதோடு திறப்புக் கணக்கையும் பாருங்கள். இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, கூரை இருந்து, நிரந்தரத் திறப்பு சுவர்ப் பரப்பில் பாதிக்குக் குறைவாக இருந்தால் அங்கே புகைக்கக் கூடாது. திறந்து மூடும் கதவும் சன்னலும் திறப்பாகக் கணக்கில் வராது. வேறு ஊர் விதி எப்படி இருந்தாலும் வடிவமைக்க இது நல்ல அளவுகோல்.

3 × 2 மீட்டர், உயரம் 2.2 மீட்டர் என்றால் சுவர்ப் பரப்பு 22 சதுர மீட்டர். பின்பக்கமும் ஒரு பக்கவாட்டும் மூடினால் 6.6 + 4.4, சரியாக 11. காகிதத்தில் தேறும், திறந்த பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை மாட்டினாலே கணக்கு கவிழும். சுவராக அடைக்கும் பலகைகளைத் தரையிலிருந்து 15 செ.மீ. தூக்கிப் பொருத்துங்கள். திறப்பும் கூடும், பெருக்கவும் வசதி. கூரையின் உயரமான ஓரத்தை மட்டும் மூடவே கூடாது, சூடான புகை அங்கேதான் சேரும்.

—

கூரைக்குப் பாலிகார்பனேட் என்றால் துளையில்தான் தப்பு நடக்கிறது. 3 மீட்டர் ஷீட் 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் ஏறக்குறைய 8 மி.மீ. நீளும். திருகின் அளவுக்கே துளை போட்டு இறுக்கினால் துளையைச் சுற்றி விரிசல் விடும். துளை பெரிதாக இருக்கட்டும், ரப்பர் வாஷர் போடுங்கள். இரண்டு அடுக்குக்கு நடுவே குழல்கள் உள்ள இரட்டைச் சுவர் ஷீட்டில் அந்தக் குழல்கள் சரிவின் திசையில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் நீர் தேங்கிப் பாசி பிடிக்கும்.

இன்னொன்று, நடைபாதைக் கல்லின் மேல் கால்களை போல்ட் போட்டு நிறுத்தாதீர்கள். இலேசான கூரையைப் பலத்த காற்று மேலே தூக்கும். அந்த இழுப்பைத் தாங்கக் கான்கிரீட் அடித்தளம் வேண்டும்.

—

அடுத்தது தரை. மரப்பலகைத் தளம் வேண்டவே வேண்டாம். அணையாத சிகரெட் துண்டு இடுக்கில் விழும், அடியில் சருகு கிடக்கும், தீ வெளியே தெரிவதற்குள் நேரம் ஓடிவிடும். வழவழப்பில்லாத கான்கிரீட், 80 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. சரிவு போதும்.

சாம்பல் தொட்டியும் குப்பைத்தொட்டியும் தனித்தனியாக இருக்கட்டும். சாம்பல் தொட்டியின் வாய் துண்டு நுழையும் அளவு மட்டும். பெரிதாக வைத்தால் காகிதக் கோப்பையைத் திணிப்பார்கள், அதுதான் பற்றிக்கொள்ளும். மழை படாத இடத்தில், உள்ளே கழற்றி எடுக்கிற தகர வாளியோடு வையுங்கள்.