பேவர் பிளாக் வாசலில் சேம்பர் மூடி அசையவே மாட்டேன் என்கிறது

பெருந்துறைக்காரன்: வாசலில் பேவர் பிளாக் போட்டதிலிருந்து சாக்கடை சேம்பரின் வார்ப்பிரும்பு மூடியைச் சுற்றி மணலும் துருவும் இறுகிக் கிடக்குதுங்க, கடப்பாரையால் நெம்பினால் ஓரக் கல்தான் பெயர்ந்து வருகிறது. என்ன பண்ணலாம்?

காங்கேயம்: நெம்பாதீங்க. ஓர இடுக்கைப் பழைய ஸ்குரூடிரைவரால் நன்றாகச் சுரண்டி, டபிள்யூடி-40 (துருவை இளக்கும் ஸ்பிரே) அடித்து ராத்திரி முழுக்க விடுங்க, அப்புறம் மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் தட்டினால் துரு விடும். சம்மட்டியால் நேரடியாகப் போட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

பொள்ளாச்சி ரோடு: தூக்கும் துளை இருக்கா? கொக்கி மாட்டி நேராக மேலே இழுங்க. நெம்பித்தான் ஆகணும் என்றால் கல்மேல் பலகை போட்டு.

அவிநாசி அக்கா: திறந்ததும் குனிந்து பார்க்காதீங்க, விஷவாயு இருக்கும். மூடும்போது விளிம்பில் கிரீஸ் தடவுங்க.

பெருந்துறைக்காரன்: துளை இருக்குங்க, மண் அடைச்சிருக்கு. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.