பிளஸ் டூ வேகவியல்: முதலில் எக்செல்லா, ஹைப்போவா?

மாம்பலம்_மோல்: ஹைப்போவில் (சோடியம் தயோசல்பேட் கரைசலில்) அமிலம் ஊற்றி, குடுவைக்கு அடியில் போட்ட பெருக்கல் குறி கந்தகக் கலங்கலில் மறையும் நேரத்தை அளக்கும் சோதனைக்கு இரண்டு பீரியட் போகிறது. பாதிப் பேர் பழைய ரெக்கார்ட் நோட்டைப் பார்த்தே ரீடிங் எழுதுகிறார்கள். கணினியில் செறிவை ஏற்றி இறக்கி, வினையின் வேகம் எப்படி மாறுகிறது என்று காட்டினால் அரை மணியில் முடியுமே?

குடுவை: கணினியில் தப்பே நடக்காதே சார், அதுதான் குறை. 6.2 கிராம் ஹைப்போவை 250 மி.லி.யாகக் கரைத்தால் செறிவு 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்). 50, 40, 30, 20, 10 மி.லி. எடுத்து, ஒவ்வொன்றையும் தண்ணீரால் 50 ஆக்கி, 5 மி.லி. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றவும். தண்ணீர் ஊற்ற மறந்தால் செறிவு பெரிதாகக் குறையாது, ஆழம்தான் குறையும். மேலிருந்து பார்க்கிறோம் இல்லையா, அதனாலேயே குறி தாமதமாக மறையும். ரீடிங்கோ ‘சரியாக’ வந்த மாதிரியே இருக்கும்! எந்த சிமுலேஷன் இதைச் சொல்லித் தரும்?

மாம்பலம்_மோல்: சென்னையில் காலை பேட்சுக்கு 28 டிகிரி, மதியம் 34. பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிக்கும் என்று வைத்தால், காலையில் 40 விநாடி பிடித்தது மதியம் 26தான். என்ன கிராஃப் வரும்?

குடுவை: கரைசல்களை ஒரே பக்கெட் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து, வெப்பநிலையையும் எழுதச் சொல்லுங்கள்.

பெரம்பூர்_பியூரெட்: 10 மி.லி. ரீடிங்கை யாரும் பேசவில்லையே. 50 மி.லி.க்கு 40 விநாடி என்றால், வேகம் செறிவுக்கு நேர்விகிதம் என்ற கணக்குப்படி 10க்கு 200. நிஜத்தில் அதற்கு மேலேயே போகும். குறி மறைய எப்போதும் அதே அளவு கந்தகம் வேண்டும். 50இல் பத்தில் ஒரு பங்கு ஹைப்போ சிதைந்தால் போதும் என்று வைத்தால், 10இல் பாதி சிதைய வேண்டும். எக்செல்லில் விநாடிக்கு ஒரு வரிசை, ஒவ்வொன்றிலும் மிச்ச ஹைப்போவை 0.00263ஆல் பெருக்கிக் கழியுங்கள். சுமார் 263 விநாடி வரும்.

குடுவை: அந்தப் ‘பத்தில் ஒரு பங்கு’ உங்கள் ஊகம். அதை மாற்றினால் எந்த ரீடிங்குக்கும் பொருந்த வைக்கலாம். 30 மி.லி.க்கு உங்கள் கணக்கு 69, நேர்விகிதம் 67. கண் இதைப் பிரிக்காது.

பெரம்பூர்_பியூரெட்: ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பங்கை 10 மி.லி. ரீடிங்கிலிருந்தே எடுங்கள். பிறகு 15 மி.லி.க்கு என்ன வரும் என்று பேனாவால் எழுதிவிட்டுச் செய்யட்டும். என் எண்களில் 154, நேர்விகிதத்தில் 133. பழைய நோட்டில் 15 இருக்காது.

குடுவை: அப்படியென்றால் சரி. ஏசி லேபானாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், கந்தக டை ஆக்சைடு வரும். ரீடிங் எடுத்ததும் குடுவையைச் சலவைச் சோடா கரைசலில் கொட்டுங்கள்.