இரவில் மருத்துவமனை போய்ச் சேரும் நேரமும் சங்க நிதியும்

நம் ஊர்ச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டாக்டர் ஐயா ஓய்வு பெற்றதோடு நம் ஊர்க் கடைத்தெருவில் இருந்த நர்சிங் ஹோம் மூடப்பட்டதை அனைவரும் அறிவீர்கள். அதற்கு ஈடாகச் சங்கச் செலவில் ஓர் ஆம்புலன்ஸ் வாங்கலாம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். அந்த நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆயினும் பணம் திரட்டுவதற்கு முன், நாம் இழந்தது எது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

ஊரில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பியிடமும் கிராமச் செவிலியரிடமும் பேசியதில் தெளிவானது இதுதான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே உள்ள நம் ஊரிலிருந்து பகலில் இரண்டில் எந்த நகரத்துக்குப் போவதும் பெரிய சிரமமில்லை. நள்ளிரவில் அப்படியில்லை. யார் வீட்டில் கார் இருக்கிறது என்று தேடி, ஓட்டுநரை எழுப்பி, ரயில்வே கேட் மூடியிருந்தால் காத்திருந்து, அதன்பிறகே நெடுஞ்சாலையைத் தொட வேண்டியிருக்கிறது. கார்த்திகை மழையில் தாழ்வான சாலைகளில் தண்ணீர் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பதை 2015 வெள்ளத்தில் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தூரத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. நெஞ்சுவலி என்று வந்தவருக்கு டாக்டர் ஐயா உடனே ஈசிஜி எடுப்பார்; கடலூர் போதுமா, நேரே புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கே போக வேண்டுமா என்று அங்கேயே முடிவு செய்து கடிதமும் எழுதித் தருவார். இன்று அந்த முடிவைப் பதற்றத்தில் இருக்கும் வீட்டார் எடுக்கிறார்கள். கிட்டத்தில் இருக்கிறது என்று முதலில் ஓரிடத்துக்குப் போகிறார்கள். அங்கிருந்து ரெஃபர் செய்யப்பட்டு இன்னோரிடத்துக்குப் போகிறார்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, முதல் அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள், அதுவும் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே போட முடியும். ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் கழியும் ஒரு மணி நேரம் நோயாளியின் கையையும் காலையும் பேச்சையும் பறித்துவிடக்கூடும்.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்ட பகுதிகளில், ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்ட நோயாளி மருத்துவமனை சேரச் சராசரியாக 14 நிமிடம் ஆனது 25 நிமிடமாகக் கூடியது என்று கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வு 2019இல் காட்டியது. இங்கிலாந்தில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், தொலைவு 10 கிலோமீட்டர் கூடும்போது, உயிராபத்தான நிலையில் கொண்டுசெல்லப்பட்ட நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் கூடுதலாக இறந்தது தெரியவந்தது.

ஆனாலும் ஆம்புலன்ஸ் வாங்குவதில் எனக்குத் தயக்கம் இருப்பதன் காரணத்தைச் சொல்கிறேன். வண்டியை ஒருமுறை வாங்கிவிடலாம். ஆனால் இரவும் பகலும் முறைவைத்து ஓட்டுநர்கள், பயிற்சி பெற்ற உதவியாளர், ஆக்சிஜன், காப்பீடு, வண்டியின் தகுதிச் சான்று (எஃப்சி) என்று ஆண்டுதோறும் செலவு தொடரும். 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கும் 108 சேவை, மருத்துவ உதவியாளரோடு கட்டணமில்லாமல் வருகிறது. அது வந்து சேரும் வரையிலான நேரத்துக்கும், எங்கே போவது என்ற முடிவுக்கும்தான் நாம் துணை நிற்க வேண்டும்.

ஆகவே ஊரில் ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்களில் ஒவ்வோர் இரவுக்கும் ஒருவர் பொறுப்பேற்கும்படி முறை வகுத்து, அவர்களுக்குச் சங்கம் மாதந்தோறும் ஊக்கத்தொகை தரலாம். நம் சங்கத்தில் உள்ள மருத்துவர்கள், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோடு கலந்துபேசி, எந்த அறிகுறிக்கு எந்த மருத்துவமனை என்று ஒரே பக்கத்தில் எழுதித் தந்தால் அதை வீடுதோறும் ஒட்டலாம். நெஞ்சுவலிக்கு முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்படி 2023இல் இதயம் காப்போம் திட்டம் தொடங்கப்பட்டது. நம் ஊரில் பலருக்கு இது தெரியவில்லை. பாம்பு கடித்தால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது என்பதையும் அந்தத் தாளில் கட்டாயம் சேர்க்க வேண்டும். வயல்வேலைக்குப் போகும் ஊரில் இதை விட்டுவிட முடியாது.

மருத்துவ உறுப்பினர்கள் அந்தத் தாளின் முதல் வரைவைப் பொங்கல் கூட்டத்துக்கு முன் செயலாளருக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். ஊரில் கார் வைத்திருக்கும் உறவினர்கள் உங்களுக்கு இருந்தால், அவர்களிடம் பேசிச் சம்மதம் பெற்றுத் தெரிவிக்கவும். ஆம்புலன்ஸ்தான் வேண்டும் என்று கருதுவோர், அதன் ஆண்டுச் செலவுக் கணக்கையும் சேர்த்து அனுப்பினால் இரண்டையும் ஒப்பிட்டுக் கூட்டத்தில் முடிவெடுக்கலாம்.